மாநிலத் திட்டக் குழு அலுவலகத்தில் என்னதான் வேலை நடக்கிறது?

கேள்வி கேட்டவர், திட்டக் குழு, திட்டத் துறை, புள்ளியியல் துறை மூன்றும் ஒன்றா, அங்கே அன்றாட வேலை எப்படி ஓடும் என்று கேட்டிருக்கிறார். புள்ளியியல் பணிக்கான டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுதியிருக்கிறாராம். போஸ்டிங் வந்தால் போகலாமா என்பது அவருடைய உள் கவலை. நான் அந்தத் தேர்வு வழியாகவே உள்ளே போய், வட்டாரத்தில் தொடங்கி, சில வருடம் அயற்பணியில் (டெபுடேஷன்) திட்டக் குழு இருக்கும் சென்னை எழிலகத்திலும் இருந்தவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு மயக்கம் தீர வேண்டும். ‘பிளானிங் ஆபீஸ்’ என்றால் ஊரில் பாதிப் பேர் மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் கொடுக்கும் டி.டி.சி.பி.யைத்தான் நினைப்பார்கள். அது நகர் ஊரமைப்பு இயக்ககம், வீட்டுவசதித் துறையின் கீழ் வருவது, முற்றிலும் வேறு. என் மாமனார் கடைசிவரை ‘மாப்பிள்ளைக்கு பிளாட் அப்ரூவல் ஆபீஸ்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். திருத்திப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். அந்த மரியாதை திட்டக் குழுவுக்குக் கிடைக்காது.

சரி, அமைப்புக்கு வருவோம். தலைமைச் செயலகத்தில் திட்டம், வளர்ச்சி மற்றும் சிறப்பு முயற்சிகள் துறை என்று ஒன்று இருக்கிறது. ஐ.ஏ.எஸ். செயலர், சார்பு செயலர்கள், பிரிவு அலுவலர்கள் என்று வழக்கமான செயலகக் கட்டமைப்பு. அரசாணை இங்கிருந்துதான் வரும். இதன் குடையின் கீழ் மூன்று பேர். யோசனை சொல்ல மாநிலத் திட்டக் குழு. எண்ணிச் சொல்ல பொருளியல் மற்றும் புள்ளியியல் துறை. போட்ட திட்டம் உருப்பட்டதா என்று பார்க்க மதிப்பீட்டுத் துறை. கேட்க அழகாக இருக்கும். நடப்பில் மூன்று பேரும் ஒருவர் வேலைக்குள் இன்னொருவர் காலை வைத்துக்கொண்டேதான் இருப்பார்கள்.

திட்டக் குழு 1971 மே 25 அன்று, கருணாநிதி முதல்வராக இருந்தபோது அமைக்கப்பட்டது. தலைவர் எப்போதும் முதல்வர்தான். அவருக்கு அடுத்து துணைத் தலைவர், பெரும்பாலும் அவர்தான் நடைமுறையில் குழுவை நடத்துபவர். பிறகு முழு நேர, பகுதி நேர உறுப்பினர்கள். நிர்வாகத்துக்கு ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவர் உறுப்பினர் செயலராக இருப்பார். 2020-ல் இதை மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழு என்று பெயர் மாற்றினார்கள். 2021-ல் ஆட்சி மாறியதும் பழைய பெயரே திரும்ப வந்தது. பொருளாதார அறிஞர் ஜெயரஞ்சன் துணைத் தலைவரானார். அந்த முறை உறுப்பினர் பட்டியலில் சித்த மருத்துவர் கு. சிவராமன், மண்ணியல் அறிஞர் சுல்தான் அகமது இஸ்மாயில், திருநங்கையான நடனக் கலைஞர் நர்த்தகி நடராஜ், டிராக்டர் தொழில் நடத்தும் மல்லிகா சீனிவாசன் எல்லாரும் இருந்தார்கள். ஒரு நாட்டியக் கலைஞருக்குத் திட்டமிடலில் என்ன வேலை என்று அப்போது சிலர் கேட்டார்கள். திருநங்கையருக்கான திட்டத்தைத் துறை அதிகாரிகள் மட்டும் உட்கார்ந்து எழுதினால் எப்படி வரும் என்று பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

உறுப்பினர்களுக்குக் கீழே பிரிவுகள்: வேளாண்மை, தொழில்-மின்சாரம்-போக்குவரத்து, கல்வி-வேலைவாய்ப்பு, சுகாதாரம்-சமூக நலம், ஊரக வளர்ச்சி-மாவட்டத் திட்டமிடல், நிலப் பயன்பாடு, எல்லாவற்றையும் கோத்துக் கட்ட ஒருங்கிணைப்புப் பிரிவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர், கீழே முதுநிலைத் திட்ட அலுவலர், திட்ட அலுவலர். இவர்களில் பலர் வேறு துறையிலிருந்து அயற்பணியில் வந்தவர்கள். வேளாண் பிரிவில் உட்கார்ந்திருப்பவர் வேளாண் துறைக்காரராகவே இருப்பார். நல்லதும் அதுதான், கெட்டதும் அதுதான். விஷயம் தெரியும், ஆனால் நாளைக்குத் திரும்பிப் போக வேண்டிய வீட்டை யார் குறை சொல்வார்கள்?

இந்த அலுவலகத்தைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். திட்டக் குழுவுக்குக் கேள்வி கேட்க மட்டுமே உரிமை உண்டு, கையெழுத்துப் போட உரிமை கிடையாது. ஆலோசனை சொல்லும் அமைப்பாகவே அது பிறந்தது. எந்தச் செலவு அரசாணையையும் எடுத்துக் கடைசிப் பத்தியைப் பாருங்கள். நிதித் துறையின் இசைவுடன் வெளியிடப்படுகிறது என்று ஒரு வரி, ஒரு குறிப்பு எண், ஒரு தேதி இருக்கும். அந்த வரிக்காகத்தான் எல்லாத் துறையும் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலையும். திட்டக் குழுவின் கருத்து கோப்பின் நடுப்பக்கத்தில் எங்கோ இருக்கும். முதல்வர் அந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவராக இருந்தால் எழிலகத்தில் விளக்கு ராத்திரி எட்டு மணிக்கும் எரியும். இல்லையென்றால் ஐந்தே முக்காலுக்கு மெரினா காற்று வாங்கலாம், எதிரில்தான் கடற்கரை.

ஒரு காலத்தில் கையில் கொஞ்சம் கனமான வேலை இருந்தது. ஒவ்வொரு வருடமும் ஆண்டுத் திட்டம் தயாரிக்க வேண்டும். துறைவாரியாக எவ்வளவு கேட்கிறார்கள், போன வருடம் எவ்வளவு செலவழித்தார்கள், மத்திய உதவி எவ்வளவு என்று தடித்தடியாகப் புத்தகம் போடுவார்கள். முதல்வரோ அவர் அனுப்பும் அமைச்சரோ டெல்லி யோஜனா பவனுக்குப் போய் மத்தியத் திட்டக் குழுவோடு பேசி, இந்த வருடத் திட்ட அளவு இவ்வளவு கோடி என்று முடிவு செய்துவிட்டு வருவார்கள். மறுநாள் பத்திரிகையில் முதல் பக்கம். 2014 ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் மோடி மத்தியத் திட்டக் குழுவைக் கலைக்கப்போவதாக அறிவித்தார். 2015 ஜனவரி 1-ல் அதன் இடத்துக்கு நிதி ஆயோக் வந்தது. 2017-ல் பன்னிரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் முடிந்தது. திட்டச் செலவு, திட்டமில்லாச் செலவு என்ற பிரிவும் மத்திய பட்ஜெட்டிலிருந்து போனது. அதாவது மாநிலத் திட்டக் குழு எந்தத் தேர்வுக்குப் படித்ததோ அந்தத் தேர்வையே ரத்து செய்துவிட்டார்கள். கேரளம் மட்டும் பிடிவாதமாக ஐந்தாண்டுத் திட்டத்தைத் தொடர்கிறது. 1967-லிருந்து இருக்கும் அவர்களுடைய திட்ட வாரியம் 2022 முதல் 2027 வரைக்கான பதினான்காவது திட்டத்தைத் தயாரித்தது. 1996-ல் மக்கள் திட்டம் தொடங்கியபோதே திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தவர்கள். பணம் எங்கே இருக்கிறதோ அங்கே திட்டமிடலும் இருக்கும்.

நம் ஊரில் மிஞ்சியது ஆய்வு, கொள்கை வரைவு, இரண்டு சிறிய நிதிகள். பின்தங்கிய பகுதிகளுக்கு மாநில சமச்சீர் வளர்ச்சி நிதி ஒன்று. புது யோசனையோடு வரும் துறைகளுக்குப் புத்தாக்க நிதி இன்னொன்று, ஆபீஸ் வழக்கில் ‘டான்னி’. தொகை பெரிதில்லை. ஆனால் ஒரு துறை தன் வழக்கமான பட்ஜெட்டில் கேட்கத் துணியாததை இதில் கேட்கலாம், தோற்றாலும் தலை போகாது. ஆய்வுகளில் உங்களுக்குத் தெரிந்திருக்கக்கூடியது மகளிர் இலவசப் பேருந்துப் பயணம் பற்றியது. மாதம் சராசரியாக 888 ரூபாய் ஒரு பெண்ணுக்கு மிச்சமாகிறது என்ற கணக்கு இங்கிருந்து வந்ததுதான். மாநிலத்தின் பொருளாதார ஆய்வறிக்கையை 2025 மார்ச்சில், பட்ஜெட்டுக்கு முதல் நாள் வெளியிட்டதும் இவர்கள்தான்.

அன்றாட வேலை என்று கேட்டீர்கள். பெரும்பாலும் விவரம் கேட்டுக் கடிதம் எழுதுவது, நினைவூட்டுக் கடிதம் எழுதுவது, நினைவூட்டுக்கு நினைவூட்டு எழுதுவது, அப்புறம் போன். வந்த விவரத்தை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பது. உண்மையான சுவாரஸ்யம் அதில்தான். ஒருமுறை ஒரு துறை (பெயர் வேண்டாம்) கறவை மாடு கொடுத்த பயனாளிகள் பட்டியலைத் தந்தது. கொஞ்ச நாள் கழித்து இன்னொரு துறை வேறொரு திட்டத்துக்கு வேறொரு பட்டியல் தந்தது. ஒரே ஊராட்சியில் அதே பெயர்கள், அதே தகப்பனார் பெயர்கள். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே வந்தோம். கொட்டிலில் மாடு ஒன்று, கணக்கில் மாடு இரண்டு. கூட்டத்தில் அதைச் சொன்னபோது இரண்டு அதிகாரிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களே தவிர, எங்களைப் பார்க்கவில்லை.

இனி உங்களுக்குச் சம்பந்தப்பட்ட இடம். தேர்வில் வந்தால் உதவிப் புள்ளியியல் ஆய்வாளர். எழிலகமோ, புள்ளியியல் துறைத் தலைமையகம் இருக்கும் தேனாம்பேட்டையோ கிடைக்கும் என்று கனவு காணாதீர்கள், வட்டாரம்தான் கிடைக்கும். விலைவாசி எடுப்பது, கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலோடு (சாகுபடிப் பதிவேடு) சாகுபடிப் பரப்பைச் சரிபார்ப்பது எல்லாம் உண்டு. முக்கியமானது பயிர் அறுவடைப் பரிசோதனை.

எந்த சர்வே எண், எந்த வயல் என்பதை சமவாய்ப்பு எண்தான் முடிவு செய்யும். வயலுக்குள் எத்தனை தப்படி நீளவாக்கில், எத்தனை அகலவாக்கில் போய் முளை அடிப்பது என்பதும் அப்படியே. நெல்லுக்கு ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர். கயிறு கட்டி, அதற்குள் இருப்பதை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போட வேண்டும். அதில் ஒரு கிலோவைக் காயவைத்து மறுபடி எடை பார்ப்பதும் உண்டு, ஈரம் எவ்வளவு போகிறது என்று தெரிய. இருபத்தைந்து சதுர மீட்டரை நானூறால் பெருக்கினால் ஒரு ஹெக்டேர். தராசில் நீங்கள் ஒரு கிலோ தவறவிட்டால் ஹெக்டேருக்கு நானூறு கிலோ தவறு. பயிர்க் காப்பீட்டில் ஒரு கிராமத்துக்கு நான்கு பரிசோதனைதான், அந்த நான்கை வைத்து ஊருக்கே இழப்பீடு உண்டா இல்லையா என்று முடிவாகும்.

டெல்டாவில் எனக்கு முதல் சம்பா. முளை அடிக்க வேண்டிய இடம் நடு வயலில், கதிர் தலைசாய்ந்து நிற்கிற இடத்தில் விழுந்தது. வயல்காரப் பெரியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார். “தம்பி, அந்த மூலையில தண்ணி நின்னு பதரா கிடக்கு பாருங்க, கயித்த அங்க கட்டுங்களேன்.”

“ஐயா, சீட்டுல விழுந்த இடம் இதுதான். மாத்த முடியாது.”

“சீட்டுக்கு என்ன தெரியும் எங்க ஊரு நிலம்?”

பதில் சொல்லத் தெரியவில்லை. சீட்டில் விழுந்த இடத்திலேயேதான் கட்டினேன். அடித்துத் தூற்றி எடை போடும்வரை கூடவே இருந்தார். முடிந்ததும் வீட்டுக்குக் கூட்டிப்போய் மோர் கொடுத்தார். பேச்சு மட்டும் கொடுக்கவில்லை. பின்னாளில் எழிலகத்தில் உற்பத்தித்திறன் அட்டவணைகளைப் பார்க்கும்போதெல்லாம் தசமப் புள்ளிக்குப் பின்னால் அந்த மூலை எனக்குத் தெரியும். அந்த எண்தான் மாநில மொத்த உற்பத்திக்குள் போகிறது, அதைப் பார்த்துதான் குழு கொள்கை எழுதுகிறது.

மாவட்டத்தைப் பற்றி ஒரு வரியாவது சொல்ல வேண்டும். 74-வது அரசியலமைப்புத் திருத்தப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் திட்டமிடும் குழு இருக்க வேண்டும். ஐந்தில் நான்கு பங்கு உறுப்பினர்கள் உள்ளாட்சிப் பிரதிநிதிகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும். இங்கே மாவட்ட ஊராட்சித் தலைவர் அதற்குத் தலைவர், ஆட்சியர் துணைத் தலைவர். 2023 ஜூனில் அதற்குத் தேர்தல்கூட நடந்தது, ஊரில் யாரும் பேசிக் கேட்டதில்லை. கீழிருந்து திட்டம் மேலே போக வேண்டும் என்பது சட்டம். மேலிருந்து படிவம் கீழே வரும், நிரப்பி அனுப்ப வேண்டும் என்பது பழக்கம்.

ஆக, போகலாமா என்றால் போங்கள். சம்பளம் மற்ற துறைகளில் இதே நிலையில் இருப்பவர்களுக்குள்ளதுதான், வெயில் கொஞ்சம் கூடுதல். ஒரே ஒரு எச்சரிக்கை. சம்பா அறுவடை தை, மாசியில் வரும், பரிசோதனைத் தேதி நம் கையில் இல்லை, கதிர் முற்றினால் போயாக வேண்டும். வீட்டில் தையில் முகூர்த்தம் பார்க்கிறார்கள் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். எனக்கு ஆவணியில்தான் நடந்தது.