வைபை எட்டாத இடத்துக்கு லோரா சரிவருமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்களுக்கு மீன் களஞ்சியம் ஒன்று இருக்கிறது, மூன்று குளிர் அறைகள். அலுவலகம் ஒரு கிலோமீற்றர் தள்ளி, வைபை எட்டாது. அறைக்கு ஒரு சிம் போட்டால் மாதாமாதம் பில் கட்ட வேண்டும். "லோரா போடுங்கள், 15 கிலோமீற்றர் போகும், பற்றரி வருடக்கணக்கில் நிற்கும்" என்கிறார் ஒருவர். நம்பலாமா?
- ஒரு வாசகர், பேலியகொடை

பதில்: லோரா என்பது சின்னச் சின்னத் தகவலைக் குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் அனுப்பும் ரேடியோ முறை, உங்கள் வேலைக்குத் தாராளமாக நம்பலாம். ஆனால் அந்த 15 கிலோமீற்றர் வெட்டவெளிக் கணக்கு. அன்டெனா நல்ல உயரத்தில் இருந்து, நடுவில் ஒன்றும் மறைக்காவிட்டால் கிடைப்பது. கட்டடம் நெருங்கிய கொழும்பில் இரண்டு மூன்று கிலோமீற்றர் கிடைத்தாலே நல்லது. உங்களுக்கு ஒன்று போதுமே.

லோரா, பிரான்சின் கிரெனோபிள் நகரில் சைக்கிலியோ என்ற சிறு கம்பனி உருவாக்கிய முறை, 2012இல் அமெரிக்காவின் செம்டெக் அந்தக் கம்பனியை வாங்கியது. சிக்னலை ஒரே அலைவரிசையில் நிறுத்தாமல், விசிலைக் கீழ்ச்சுருதியிலிருந்து மேலே இழுப்பது போல இழுத்து அனுப்புகிறார்கள். அந்த இழுப்பின் வடிவம் ரிசீவருக்கு முன்கூட்டியே தெரியும் என்பதால், சிக்னல் சுற்றியுள்ள இரைச்சலில் நூறில் ஒரு பங்காகத் தேய்ந்து வந்தாலும் பிடித்துவிடும். மெதுவாக இழுக்க இழுக்கத் தூரம் கூடும், ஆனால் நேரமும் கூடும்: 10 பைட் தகவல் எஸ்எப்7 என்ற வேகமான அமைப்பில் சுமார் 60 மில்லிசெக்கனில் போய்விடும், எஸ்எப்12 என்ற மிக மெதுவான அமைப்பில் அதற்கே ஒன்றரைச் செக்கன் வேண்டும். அனுப்பும் நேரம் நீண்டால் பற்றரியும் அதற்கேற்பக் கரையும். ஆகவே பற்றரி வருடக்கணக்கில் நிற்பது, சென்சர் கால்மணிக்கு ஒருமுறை எழுந்து வெப்பநிலையைச் சொல்லிவிட்டு உடனே தூங்கும்போதுதான். இதிலேயே கமராவையும் போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். முடியவே முடியாது.

உண்மையான சிக்கல் உங்கள் சுவரில் இருக்கிறது. குளிர் அறைச் சுவர் என்பது இரண்டு பக்கமும் உலோகத் தகடு, நடுவில் போம். கதவும் அப்படித்தான். சென்சர் பெட்டியை முழுசாக உள்ளே வைத்துப் பூட்டினால் ரேடியோ அலைக்கு வெளியே வர வழியில்லை, அப்புறம் எந்த எஸ்எப் வைத்தும் பயனில்லை. போதாததற்கு -18 பாகைக் குளிரில் சாதாரண அல்கலைன் பற்றரி சீக்கிரம் சோர்ந்துவிடும். வெப்பநிலை உணரும் கம்பி மட்டும் உள்ளே போகட்டும், பெட்டியும் அன்டெனாவும் வெளியே, தகரத்தில் ஒட்டாமல் கொஞ்சம் தள்ளி நிற்கட்டும். கம்பி போட்ட துளையை நன்றாக அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதைச் சுற்றி ஐஸ் கட்டும். சென்சர்கள் சொல்வதைக் கேட்டு இன்டர்நெட்டுக்குக் கடத்தும் பெட்டியான கேட்வேயை அலுவலக மேசையில் வைக்காதீர்கள், அதன் அன்டெனா மொட்டைமாடிக்குப் போக வேண்டும். விலை கூடிய கேட்வே வாங்குவதைவிட அன்டெனாவை நாலு மீற்றர் உயர்த்துவது அதிகம் உதவும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இன்னொன்று. பற்றரியில் ஓடும் சென்சர், தான் பேசி முடித்த பிறகு சில கணம்தான் காது கொடுக்கும். அலுவலகத்திலிருந்து மோட்டரை உடனே நிறுத்த வேண்டும் என்றால் எந்நேரமும் கேட்டுக்கொண்டிருக்கும் கிளாஸ் சி கருவி வேண்டும், அதற்கு நிரந்தரக் கரண்ட் வேண்டும்.

கேள்வி: ஒன்லைனில் 915 மெகாஹேர்ட்ஸ் லோரா போர்ட் மலிவாக வருகிறது. வாங்கலாமா?
- ஒரு மாணவி, வெள்ளவத்தை

பதில்: வேண்டாம். அது அமெரிக்காவின் 902-928 பட்டைக்குச் செய்தது. இங்கே கைத்தொலைபேசிகள் டவருக்குப் பேசும் 890-915 பட்டையின் ஒரு பகுதி அதற்குள் வந்து விழுகிறது, நீங்கள் சோதனைக்காக அனுப்புவது பக்கத்து வீட்டுக்காரரின் அழைப்பில் இடறலாம். ஐரோப்பாவுக்கு 868, இந்தியாவுக்கு 865 என்று நாட்டுக்கு நாடு மாறும், ஆகவே காசு கட்டுவதற்கு முன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் இங்கே எதற்கு அனுமதி என்று கேளுங்கள். வாங்கிய பிறகு அன்டெனா பூட்டாமல் ஒருபோதும் அனுப்பாதீர்கள், சிப் கருகக்கூடும்.

கேள்வி: 2016 மே வெள்ளத்தில் எங்கள் ஒழுங்கை மூழ்கியது. கால்வாய் மட்டம் பார்க்க ஒரு சென்சர் வைக்க நினைக்கிறோம். மழையில் சிக்னல் போகுமா?
- ஒரு வாசகர், கொலன்னாவை

பதில்: போகும். இந்த அலைவரிசையை மழைத்துளி பெரிதாகத் தடுப்பதில்லை, நனைந்த மர இலைகள்தான் உறிஞ்சும், ஆகவே வழியில் அடர்ந்த மரம் இல்லாத கம்பமாகப் பாருங்கள். களனி கங்கையின் மட்டத்தை நாகலகம் வீதியில் நீர்ப்பாசனத் திணைக்களம் அளக்கிறது, ஆனால் உங்கள் கால்வாய் கங்கைக்கு முன்பே நிரம்பலாம், அதனால் இந்த முயற்சி நிச்சயம் பெறுமதியானது. பாலத்திலிருந்து கீழ்நோக்கிப் பார்க்கும் அல்ட்ராசொனிக் சென்சர் பூட்டினால் சேறு அடைக்காது. ஆனால் மிதக்கும் ஆகாயத்தாமரையைத் தண்ணீர் மட்டமாகக் காட்டும், மாதம் ஒருமுறை யாராவது போய்ப் பார்க்கத்தான் வேண்டும். சாதாரண நாளில் அரைமணிக்கு ஒருமுறை, மட்டம் ஏறத் தொடங்கினால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பும்படி அமையுங்கள். சென்சருக்குப் பற்றரி இருக்கும், கேட்வேக்கு இருக்காது. வெள்ளம் வரும் இரவில் முதலில் போவது கரண்ட். கேட்வேயை மேல்மாடியில் யூபிஎஸ்ஸில் போட்டு, இன்டர்நெட்டுக்கு ஒரு சிம்மும் சேர்த்துவிடுங்கள்.