எதிரெதிர் சுபாவக் காதல் நாவல் பாதியில் ஏன் ஆறிப்போகிறது?

கேள்வி: மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் வயல்காரக் குடும்பத்துப் பெண்ணுக்கும் பாசிக்குடாக் கடற்கரை ஹோட்டல் மேலாளருக்கும் இடையில் நடக்கும் காதல் நாவல். 300 பக்கம். முதல் கட்டில் காட்சி 60ஆம் பக்கத்திலேயே வந்துவிடுகிறது, பிறகு இன்னும் ஆறு. அவள் சிக்கனக்காரி, பேச்சுக் குறைவு. அவன் கொழும்பில் வளர்ந்த செலவாளி, ஓயாமல் கதைப்பவன். இருந்தும் பாதியில் சலித்துவிட்டது. குறை எங்கே? இப்படியொன்றை எழுதுவதானால் எப்படித் திருத்தலாம்?

பதில்: சலிப்பு தொடங்கியது அந்த 60ஆம் பக்கத்தில்தான். அதுவரை வாசகரை இழுத்துவந்தது ஒரே கேள்வி: இவர்கள் இருவரும் ஒட்டுவார்களா? அதற்கு விடை கிடைக்கும் நேரத்தில் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று தயாராக நிற்கவேண்டும். இல்லாவிட்டால் மீதி 240 பக்கத்தையும் ஒட்டுக்கேட்ட போன் கதையும் பழைய காதலியின் வருகையும்தான் நிரப்பும். ஒரு பிணக்கு உண்மையானதா என்று பார்க்க, இருவரையும் ஐந்து நிமிடம் மனம்விட்டுக் கதைக்க வைத்துப் பாருங்கள். அதிலே தீர்ந்துவிட்டால் அது நாவலைத் தாங்காது.

சிக்கனமும் செலவும், மௌனமும் வாய்ப்பேச்சும் வெறும் சுபாவங்கள். முதல் மூன்று அத்தியாயத்துக்குச் சிரிப்பு மூட்டும், அதற்குமேல் இழுக்காது. இரண்டு பேருக்கும் நியாயமாகத் தேவைப்படுகிற, ஆனால் இருவருக்கும் ஒருசேரக் கிடைக்க முடியாத ஒன்று வேண்டும். மட்டக்களப்பில் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. இங்கே வீடு பெண்ணுக்குக் கொடுக்கப்படுகிறது. கலியாணம் முடித்த ஆண் அவளுடைய வீட்டுக்கு வந்து குடியிருக்கிறான். அம்பாறைக் கரையோரத்திலும் தமிழர், முஸ்லிம்கள் இருவரிடமும் இதே வழக்கம்தான். கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடியில் மருமகளை எதிர்பார்த்திருக்கும் தாயின் மகனுக்கு, படுவான்கரையின் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் மாமியின் முற்றத்தில் வாழ்வது எவ்வளவு பெரிய விஷயம்! நாவலின் இரண்டாவது கேள்வி இதுதான்: எந்த வீடு? இதன் நிழல் 60ஆம் பக்கத்துக்கு முன்னமே, விளையாட்டுப் பேச்சாக வேண்டுமானாலும், விழுந்திருக்கவேண்டும்.

காலமும் உதவும். பாசிக்குடாவில் கடல் அமைதியாகி ஆட்கள் நிறைவது ஏறக்குறைய ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை. மாரி மழையோடு வரும் பெரும்போக நெல் விதைப்பு ஒக்டோபர், நவம்பரில், அறுவடை மாசி, பங்குனியில். அவனுக்கு ஓய்வு கிடைக்கும்போது அவள் வயலில் நிற்கிறாள். அவளுடையது மழையை மட்டும் நம்பும் மானாவாரி நிலமாக இருந்தால், ஏப்ரல் பக்கம் தொடங்கும் இரண்டாம் பயிரான சிறுபோகம் இல்லை. அவள் ஆறுதலாக இருக்கும் மாதங்களில் அவனுக்கு மூச்சுவிட நேரமில்லை. குளத்து நீர் பாயும் வயலென்றால் அவளுக்கு ஏப்ரலிலும் வேலை. முதலில் எந்த நிலம் என்று தீர்மானித்துவிடுங்கள், பிரிவுகளும் சந்திப்புகளும் தாமாகவே நாட்காட்டியில் விழும். இப்படி வரும் பிரிவுக்கு வில்லன் தேவையில்லை.

இனி, கட்டில் காட்சிகள். ஏழு காட்சி, ஒவ்வொன்றும் 1,500 சொல் என்றாலே 10,500 சொல். இவ்வளவு இடத்தை எடுக்கும் காட்சி அதற்கேற்ற வேலை செய்யவேண்டும். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதுங்கள்: அவள் புதிதாக அறிந்தது என்ன, அவன் விட்டுக்கொடுத்தது என்ன, மறுநாள் காலையில் எது மாறியது. மூன்றும் வெறுமையாக இருந்தால் அந்தக் காட்சியை எடுத்துவிடலாம். எடுத்தாலும் அடுத்த அத்தியாயத்துக்கு ஒன்றும் குறையாது. எனக்குத் தெரிந்து இந்தச் சோதனையில் ஏழில் மூன்று தேறினாலே நல்ல நாவல்.

இன்னொரு குறை, கட்டிலுக்குப் போனதும் எதிரெதிர்ச் சுபாவமே காணாமல் போவது. இரண்டு பேரும் ஒரே மாதிரி மூச்சு வாங்குகிறார்கள், ஒரே மாதிரி உருகுகிறார்கள். சிக்கனக்காரி அங்கேயும் சிக்கனக்காரிதான். தாழ்ப்பாளை இரண்டாம் முறை பார்ப்பாள், போனைக் கவிழ்த்து வைப்பாள், ஒரு தொடுகையை நீண்ட நேரம் நிறுத்திவைப்பாள். ஓயாமல் கதைப்பவனுக்கு வார்த்தை நின்றுபோகும் முதல் இடம் அதுவாக இருக்கட்டும். அவள் ‘நீங்க’ என்பதிலிருந்து ‘நீ’ என்பதற்கு இறங்கும் இடத்தையும் கண்டபடி செலவழிக்காதீர்கள், அதற்கு ஒரு தரம்தான் வலிமை. படுவான்கரைக் கிராமத்தில் தனிமை எங்கே கிடைக்கும் என்றும் யோசிக்கவேண்டும். வேலிக்கு அங்கால் பெரியம்மா, தெருவில் எல்லோருக்கும் தெரிந்த மோட்டார் சைக்கிள். அந்தத் தடைகளுக்குள் கிடைக்கும் பத்து நிமிடத்தில்தான் சூடு இருக்கிறது. ஒருவர் கண்ணிலும் படாமல் நாலு தரம் அறைக்குள் போய்வந்தால் சூடும் இல்லை, ஊரும் இல்லை. அவள் வேண்டாமென்ற பிறகும் அவன் பிடித்திழுப்பதை வேகம் என்று காட்டும் நாவல்கள் இருக்கின்றன. அது காதலைச் சேர்ந்ததே இல்லை. அதற்குப் பிறகு அவன் எவ்வளவு உருகினாலும் வாசகிக்கு நம்பிக்கை திரும்பாது.

ஊர் விவரத்தில் ஒரு எச்சரிக்கை. படுவான்கரைக்கு வாவியைக் கடக்கும் மண்முனையில் 2014 இல் பாலம் திறந்தாகிவிட்டது. இன்றைய கதையில் அங்கே ‘பாதை’ என்று சொல்லும் பழைய மிதவைப் படகில் நின்று இருவரும் கண்ணோடு கண் பார்த்தால் மட்டக்களப்பு வாசகர் அந்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

திருத்தும்போது முதல் கூடலை 130 – 150ஆம் பக்கத்துக்குத் தள்ளுங்கள். அதற்கு முன்னால் கைபடுதல், மழைக்கு வாடியில் ஒதுங்குதல், கணக்குக் கொப்பியை அவன் பிழையாகத் திருத்தி அவளிடம் ஏச்சு வாங்குதல் என்று படிப்படியாக ஏற்றுங்கள். பெரிய உடைவு 220ஆம் பக்கத்தையொட்டி, வீட்டுக் கேள்வியிலிருந்தே வரட்டும். பெரும்பாலான நாவல்கள் கெட்டுப்போவது அதற்குப் பிறகுதான்: அவள் வயலை விற்றுவிட்டுக் கொழும்புக்குப் போகிறாள், அதையே காதல் என்கிறார்கள். இருவரும் ஏறக்குறைய ஒரே எடையுள்ள இழப்பை ஏற்கவேண்டும். அவன் மாமி வீட்டு முற்றத்துக்கு வருகிறான் என்றால், அவள் ஒரு போகத்தின் பொறுப்பைத் தம்பியின் கையில் விட்டு, ஒக்டோபரில் அவனுடைய தாயைப் பார்க்கப் போகலாம். அந்தப் பயணத்தை இறுதிச் சமாதானப் பேச்சுக்கு முன்னால் வையுங்கள், பின்னால் வைத்தால் பேச்சு வெறும் வாக்குறுதியாகிவிடும்.