கோத்தகிரி குளிர்ல பியர்டட் டிராகன் வளக்க முடியுமா? முதல்தடவை வாங்குறவங்க என்னென்ன ரெடி பண்ணணும்?

நீங்க கோத்தகிரில இருக்கீங்க, பையன் ரொம்ப நாளா கேக்குறான், வீட்ல முதல்தடவையா ஒரு பியர்டட் டிராகன், அதாவது தாடி மாதிரி கழுத்த உப்பவைக்கற பல்லி, வாங்கலாம்னு இருக்கீங்க, நம்ம ஊர் குளிர் அதுக்கு ஒத்துக்குமானு கேட்டிருக்கீங்க. நான் கேத்தில இருக்கேன், உங்க ஊர விட இங்க குளிர் கொஞ்சம் ஜாஸ்தி தான், எங்க வீட்ல ஒண்ணு பல வருஷமா நல்லா இருக்கு, பேரு சோளம். அதனால தாராளமா வளக்கலாம். ஆனா பல்லிய வாங்குறதுக்கு முன்னாடி கூண்ட முழுசா ரெடி பண்ணி, வெறும் கூண்டாவே லைட்டெல்லாம் போட்டு ஓடவிட்டு, ஒரு அடமழை வாரத்த அது தாங்குதானு தெர்மாமீட்டர்ல பாத்துட்டு அப்புறமா தான் கடைக்கு போகணும். சமவெளில இருக்கவங்க போடுற வீடியோவ பாத்து அப்படியே செஞ்சா இங்க சரியா வராது, அவங்களுக்கு பாதி வேலைய அவங்க ஊர் வெயிலே பாத்துக்குது.

இது ஆஸ்திரேலியாவோட நடுப்பகுதில, வறண்ட காட்டுலயும் பாலைவன ஓரத்துலயும் இருக்கற பல்லி. வளந்தா வாலோட சேத்து ஒன்றரை அடிலருந்து ரெண்டு அடி வரைக்கும் வரும், நல்லா பாத்துக்கிட்டா பத்து வருஷம் கிட்ட இருக்கும், அதனால உங்க பையன் காலேஜ் போனதுக்கு அப்புறமும் அது உங்க வீட்ல தான் இருக்கும்ங்கறத இப்பவே யோசிச்சுக்கோங்க. அதுக்கு வெயில் காயுற இடத்துல 38லருந்து 42 டிகிரி வேணும், கூண்டோட இன்னொரு பக்கம் 25, 28 டிகிரி, ராத்திரி 18க்கு கீழ போகக்கூடாது, ஈரப்பதம் 30, 40 சதவீதம். நம்ம வீட்டுக்குள்ள டிசம்பர் ஜனவரில ராத்திரி 10 டிகிரிக்கு வந்துடுது, ஜூன் ஜூலைல துணி காயவே ஒரு வாரம் ஆகுது. இந்த வித்தியாசத்த தான் நீங்க ஒரு பெட்டிக்குள்ள சரிக்கட்டணும்.

கண்ணாடி தொட்டி வேண்டாம். கடைல அத தான் காட்டுவாங்க, ஆனா இந்த குளிர்ல கண்ணாடி வழியா சூடு பூரா வெளிய போயிடும், பல்பு எரிஞ்சிட்டே இருக்கும், பல்லி மட்டும் சில்லுனு இருக்கும். நம்ம ஊர் ஆசாரி யாராவது ஒருத்தர்கிட்ட சொல்லி ப்ளைவுட்ல நாலடி நீளம், ரெண்டடி அகலம், ரெண்டடி உயரத்துக்கு ஒரு பெட்டி அடிச்சுக்கோங்க, முன்னாடி மட்டும் தள்ளுற மாதிரி கண்ணாடி. பின்பக்கமும் அடியிலயும் வெளிப்புறமா தெர்மாகோல் ஒட்டிட்டா சூடு நல்லா நிக்கும். காத்து போக ஒரு பக்கம் கீழயும் எதிர்பக்கம் மேலயும் கம்பிவலை வச்ச ஓட்டை கண்டிப்பா வேணும், சூடான காத்து மேல போகும்போது ஈரத்தையும் கூட்டிட்டு போயிடும், ஜூலை மாசம் பெட்டிக்குள்ள ஈரம் தங்காம இருக்கறதே இந்த ரெண்டு ஓட்டையால தான். உள்பக்கம் வார்னிஷ் அடிச்சா வாசனை முழுசா போற வரைக்கும் காய விடுங்க, இந்த ஊர்ல அதுக்கு நாள் எடுக்கும். பெட்டிய தரைல வைக்காதீங்க, வெளிச்சுவர் ஓரத்துலயும் வைக்காதீங்க, அடுப்படிக்கு அடுத்த சுவர் இருந்தா அங்க வைங்க.

சூட்டுக்கு ஹாலஜன் ஃப்ளட் பல்பு தான் நல்லது, எல்ஈடி சூடு தராது. பல்புக்கு கம்பிக்கூடு போடணும், இல்லனா ஏறி ஒட்டிக்கிட்டு வயித்த சுட்டுக்கும். ஹீட் ராக்னு கரண்ட்ல சூடாகற கல்லு ஒண்ணு விக்கிறாங்க, அத தொடவே தொடாதீங்க, அடிவயிறு வெந்துபோன கதை நிறைய இருக்கு. பல்புக்கு அடியில ஒரு தட்டைக் கல்லோ கட்டையோ வச்சு, அந்தக் கல்லு மேல எவ்வளவு சூடுனு இன்ஃப்ராரெட் கன்னால அளந்து பாருங்க, பெட்டி சுவத்துல ஒட்டுற வட்ட மீட்டர நம்பி எதுவும் செய்யாதீங்க.

அடுத்து யூவிபி, அதாவது வெயில்ல இருக்கற கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்ல ஒரு வகை, இத விட்டா பல்லியே இல்ல. யூவிபி வெளிச்சம் தோல்ல பட்டா தான் அதுக்கு வைட்டமின் டி3 உற்பத்தியாகும், டி3 இருந்தா தான் சாப்பிடுற கால்சியம் எலும்புல போய் சேரும். இல்லனா எலும்பு ரப்பராகி தாடை வீங்கி கை கால் வளைஞ்சு போயிடும், எலும்பு ஒருதடவ வளைஞ்சா வளைஞ்சது தான். டி5ங்கற (T5) மெல்லிசான யூவிபி டியூப், 10 இல்லனா 12 சதவீதம் யூவிபினு போட்டது, பெட்டி நீளத்துல பாதிக்கு மேல வர்ற மாதிரி, சூட்டு பல்பு இருக்கற அதே பக்கத்துல, காயுற கல்லுலருந்து ஒரு அடி, ஒண்ணேகால் அடி தூரத்துல. அட்டைப்பெட்டில தூரம் போட்டிருப்பான், வலை நடுவுல வந்தா தூரம் குறையணும், அத பாத்து மாட்டுங்க. வருஷத்துக்கு ஒருதடவ மாத்தணும், ஏன்னா டியூப் பளிச்சுனு எரிஞ்சிட்டு தான் இருக்கும் ஆனா உள்ள யூவிபி தீந்துபோயிருக்கும், கண்ணால பாத்து கண்டுபிடிக்க முடியாது, அதனால மாட்டின தேதிய டியூப் ஓரத்துலயே எழுதி வைங்க.

ஜன்னல் ஓரம் வெயில் நல்லா வருதே அது போதாதானு கேப்பீங்க. கண்ணாடி யூவிபிய விடாது, அதனால ஜன்னல் வெயில் கணக்குல வராது. ஆனா வெளி வெயில் நம்ம மலைல ரொம்ப நல்ல வெயில், உயரம் ஆயிரம் மீட்டர் ஏறினா யூவி பத்து சதவீதத்துக்கு மேல கூடும், ஊட்டி 2,240 மீட்டர். ஜனவரி மத்தியானம் வானம் நீலமா இருக்கறப்ப காத்து அடிக்காத இடமா பாத்து, கம்பிக்கூண்டுல வச்சு, பாதி நிழல் போட்டு, கொஞ்ச நேரம் கூடவே உக்காருங்க. சோளத்த வெளிய விட்டா முதல்ல உடம்ப தோசை மாதிரி தட்டையா விரிச்சு வெயில் பக்கம் சாய்ச்சுக்கும், முதுகு கறுப்பாகும், சூடு ஏற ஏற மஞ்சளா மாறும், போதும்னா வாயத் தொறந்து வச்சுக்கும். அந்த வாய் தொறக்கறது நோய் இல்ல, சூட்ட வெளிய விடுது. கண்ணாடித் தொட்டியோட வெயில்ல வைக்கக்கூடாது, சில நிமிஷத்துல உள்ள வெந்துடும். பருந்தையும் பூனையையும் பாத்துக்கோங்க.

ராத்திரிக்கு வெளிச்சம் வராத செராமிக் ஹீட்டர், சூட்ட தானா கட்டுப்படுத்தற தெர்மோஸ்டாட்டோட, 20 டிகிரில வச்சுடுங்க. சிவப்பு பல்பு நீல பல்பு வேண்டாம், அதுக்கு தலை உச்சில வெளிச்சத்த உணர்ற மூணாவது கண்ணு ஒண்ணு இருக்கு, இருட்டு இருந்தா தான் தூங்கும். கரண்ட் செலவும் சொல்லிடுறேன், 100 வாட் பல்பு பன்னெண்டு மணிநேரம்னா 1.2 யூனிட், டியூபும் ராத்திரி ஹீட்டரும் சேந்தா குளிர் காலத்துல ஒரு நாளைக்கு ரெண்டு யூனிட், ரெண்டு மாச பில்லுல 120 யூனிட் கூடும். வீட்டுக்கு கெடைக்கற இலவச யூனிட்ல பெரும்பகுதிய இது ஒண்ணே தின்னுடும்னு வச்சுக்கோங்க.

இப்ப கரண்ட் கட். காத்து மழைல மரம் விழுந்து லைன் அறுந்தா சில சமயம் ராத்திரி பூரா வராது, உங்களுக்கே தெரியும். நல்ல இன்வெர்ட்டரும் 150 ஏஎச் பேட்டரியும் இருந்தா 100 வாட் ஹீட்டர் ஒண்ண ஒரு ராத்திரி தாட்டிடலாம், ஆனா பகல்ல போடுற பல்ப இன்வெர்ட்டர்ல போட்டு பேட்டரிய தீக்காதீங்க. இன்வெர்ட்டர் இல்லனா சுடுதண்ணி பை ஒண்ண துண்டுல சுத்தி, மூடி போட்ட தெர்மாகோல் பெட்டில ஓரமா வச்சு, காத்துக்கு ஓட்டை போட்டு, பல்லிய உள்ள விட்டுடுங்க. கரியடுப்ப ரூமுக்குள்ள கொண்டு வராதீங்க, அந்தப் புகை பல்லிக்கு மட்டும் இல்ல, கதவ சாத்தி படுத்திருக்கற உங்களுக்கும் ஆபத்து. ஆரோக்கியமான வளந்த பல்லி ஒரு ராத்திரி குளிர தாங்கிடும், வயிறு நிறைய இருக்கறப்ப குளிர்ந்தா தான் பிரச்சனை, சூடு இல்லாம அதுக்கு செரிக்காது, உள்ள சாப்பாடு அழுகும். அதனால கரண்ட் போறப்போ சாப்பாடு கிடையாது, திரும்பி வந்து நல்லா காஞ்ச அப்புறம் தான். தினமும் கூட கடைசி சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டு மணிநேரமாவது பல்பு எரியணும்.

சாப்பாட்டுல நமக்கு ஒரு லாபமும் ஒரு தலைவலியும் இருக்கு. லாபம் இலை. டேன்டிலியன் வேலி ஓரமெல்லாம் முளைக்குது, நாஸ்டர்ஷியம் இலையும் பூவும், செம்பருத்தி இலையும் பூவும், மல்பெரி இலை, டர்னிப் இலை, பாக் சாய், முருங்கைக்கீரை மேட்டுப்பாளையத்துலருந்து வருது, பரங்கிக்காய் துருவி போடலாம். மருந்தடிச்ச தோட்டத்து ஓரத்துல மட்டும் பறிக்காதீங்க, கேத்தி பள்ளத்தாக்குல கேரட்டுக்கு எவ்ளோ மருந்து அடிக்கிறாங்கனு பாக்குறவன் சொல்றேன், சொந்தமா ரெண்டு தொட்டில வளத்துட்டா நிம்மதி. பாலக்கும் பீட்ரூட் இலையும் கால்சியத்த கட்டிப்போட்டுடும், தினமும் குடுக்கக்கூடாது. பட்டர் ஃப்ரூட் (அவகேடோ) விஷம், நம்ம ஊர்ல மரத்தடில உருண்டு கெடக்கும், கவனம். உண்ணிச்செடியும் அரளியும் அப்படித்தான். எல்லாத்துக்கும் மேல மின்மினிப்பூச்சி, ஒண்ணே ஒண்ணு தின்னாலும் செத்துப்போகலாம், பசங்க ஆசையா புடிச்சிட்டு வந்து போட்டுடுவாங்க, பையன்கிட்ட இத முதல்ல சொல்லுங்க.

தலைவலி பூச்சி. குட்டிக்கு சாப்பாட்டுல பெரும்பங்கு பூச்சி தான், ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவ, வளந்ததுக்கு இலை தான் பெரும்பங்கு, பூச்சி வாரத்துக்கு ரெண்டு மூணு நாள் போதும். ரெண்டு கண்ணுக்கும் நடுவுல இருக்கற இடைவெளிய விட பெரிய பூச்சி குடுக்கக்கூடாது. கிரிக்கெட் பூச்சியும் டூபியா கரப்பானும் 30 டிகிரி கிட்ட இருந்தா தான் நல்லா பெருகும், நம்ம வீட்டுல சும்மா வச்சா விறைச்சு போய் உக்காந்திருக்கும். நான் பூச்சி டப்பாவ பல்லி பெட்டி மேலயே வச்சிருக்கேன், வீணா போற சூடு அதுக்கு போதுது. மீல்வார்ம்னு ஒரு வண்டோட புழு, அது நேர்மாறு, அத சமவெளில ஃப்ரிட்ஜ்ல வைப்பாங்க, இங்க சும்மா அலமாரில வச்சாலே மெதுவா தான் வளரும், ஆனா ஓடு கெட்டி, குட்டிக்கு வேண்டாம். உடுமலைப் பக்கம் பட்டுப்புழு வளக்குறாங்க, தெரிஞ்சவங்க இருந்தா அது அருமையான தீனி. பூச்சிய கால்சியம் பொடில பொரட்டி குடுங்க.

தரைக்கு மணல் போடாதீங்க, குட்டி முழுங்கிடும், குடல் அடைச்சுக்கும். பழைய நியூஸ் பேப்பர் போதும், இல்ல டைல்ஸ். ஒரு பெட்டில ஒண்ணு தான், ரெண்டு விட்டா ஒண்ணு இன்னொண்ண அமுக்கி வச்சுடும், வால கடிச்சுடும். தொட்டா சோப்பு போட்டு கை கழுவணும், வயித்துப்போக்கு வரவைக்கற சால்மோனெல்லா கிருமி இருக்கும், சின்னக் குழந்தை வீட்ல இருந்தா இதுல ரொம்ப கண்டிப்பா இருங்க.

குளிர் காலத்துல வளந்த பல்லி சூடெல்லாம் சரியா இருந்தும் மந்தமாகி, சாப்பாட்ட குறைச்சு, மூலைல தூங்க ஆரம்பிக்கலாம், அது இயல்பு. ஒரு வயசுக்கு கீழ இருக்கற குட்டி அப்படி செஞ்சா சூட்டுலயோ உடம்புலயோ ஏதோ கோளாறு. எடை பாக்க ஒரு சமையலறை தராசு வச்சுக்கோங்க, எடை குறையாம தூங்கினா விட்டுடலாம். மூச்சு விடும்போது சத்தம், வாய்ல நுரை வந்தா நிமோனியாவா இருக்கலாம், நம்ம ஈரத்துக்கு அது தான் பெரிய பயம், அன்னைக்கே கெளம்புங்க. பல்லி பாக்கத் தெரிஞ்ச டாக்டர் மலைல கெடைக்கறது கஷ்டம், கோயம்புத்தூர்ல விசாரிச்சு நம்பர் இப்பவே வாங்கி வைங்க, பெரிய சிக்கல்னா நாமக்கல் கால்நடைக் கல்லூரி.

சட்டமும் ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியா தன் நாட்டு பல்லிய வியாபாரத்துக்கு வெளிய அனுப்ப விடறதில்ல, கடைல இருக்கறதெல்லாம் கூண்டுல பொறந்ததா தான் இருக்கணும், அதுக்கான பில்லும் பேப்பரும் கேட்டு வாங்குங்க. 1972 வனவிலங்கு சட்டத்த 2022ல திருத்தினாங்க, வெளிநாட்டு உயிரினம் பத்தின விதியெல்லாம் இப்ப இறுகிட்டு வருது, வாங்குறதுக்கு முன்னாடி வனத்துறை ஆபிஸ்ல ஒரு வார்த்தை கேட்டுடுங்க. நம்ம தோட்டத்து வேலில பச்சையா முதுகுல முள்ளோட ஒரு ஓணான் உக்காந்திருக்குமே, அது மேற்குத் தொடர்ச்சி மலைல மட்டும் தான் உலகத்துலயே இருக்கு, காசு மிச்சம்னு அத புடிச்சு பெட்டில போட பையன விடாதீங்க, இந்த சூட்டுல அது செத்துடும். அதே மாதிரி டிராகன பாத்துக்க முடியலனா காட்டுல விடக்கூடாது, முடிஞ்சவங்க கைல குடுங்க.

வாங்குற நேரம் மார்ச், ஏப்ரல். ரொம்ப குட்டிய எடுக்காம கையளவுக்கு வளந்து, கண்ணு தெளிவா, வால் அடி சதைப்பிடிப்பா, நீங்க கிட்ட போனா தலைய தூக்கி பாக்குறதா எடுங்க. மேல கூட்டிட்டு வர்றப்ப வெறும் வயித்தோட, தெர்மாகோல் பெட்டில, கார் ஏசிய அணைச்சுட்டு வாங்க. வீட்டுக்கு வந்ததும் சொந்தக்காரங்கள எல்லாம் கூப்பிட்டு காட்ட வேண்டாம், முதல் சில நாள் பெட்டிக்குள்ள கை விடாம விட்டுடுங்க. தாடிய கறுப்பாக்கி உப்பி நிக்கும், சரியா சாப்பிடாது, புது இடத்துக்கு அது சகஜம். ஒரு வாரம் தாண்டியும் சாப்பாட்டயே தொடலனா முதல்ல காயுற கல்லோட சூட்ட அளந்து பாருங்க, அது 40 கிட்ட இருந்தும் சாப்பிடலனா கோயம்புத்தூர் டாக்டருக்கு போன் போடுங்க.