மூங்கில் தூண்டில் கோல்: விற்பதற்கு முன் வார்னிஷ் பூசலாமா?

கேள்வி: அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் வசிக்கிறோம். அண்டை வீட்டு முதியவர் இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், தம்மிடமிருந்த பழைய மூங்கில் ஃப்ளை ராடுகள் (பூச்சி போன்ற செயற்கை இரையை வீசி மீன்பிடிக்கும் கோல்கள்) மூன்றை என் கணவரிடம் கொடுத்தார். ஒன்று ஒன்பது அடி நீளமுள்ள ஹாரக்ஸ்-இபட்சன் நிறுவனக் கோல். இன்னொன்று ஆர்விஸ் நிறுவனத்தின் எட்டு அடிக் கோல், மாற்றுக்கு ஒன்றாக இரண்டு நுனித்துண்டுகளுடன். மூன்றாவது மரப்பெட்டியில் உள்ள ஜப்பானியக் கோல். எங்களுக்கு மீன்பிடிப் பழக்கம் இல்லை. புதிதாக வார்னிஷ் பூசி விற்றால் நல்ல விலை வருமா? எங்கே விற்பது?

பதில்: வார்னிஷ் டப்பாவைத் திறக்காதீர்கள். குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கிய பிறகே பிறர் கண்ணில் காட்டும் வழக்கம் நமக்கு உண்டு. ஆனால் இந்தக் கோல்களைச் சேகரிப்பவர்கள் தேடுவது பழைய பூச்சையும், பழைய பட்டுநூல் கட்டுகளையும், முதல் உரிமையாளரின் கைபட்டுக் கறுத்த கார்க் பிடியையும்தான். அதிலும் உங்கள் ஆர்விஸ் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தையது என்றால், அந்த நிறுவனம் மூங்கிலுக்குள்ளேயே பிசினை ஊறவைத்துச் செய்த வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு வார்னிஷே தேவையில்லை.

தென்சீனத்தில் விளையும் டொன்கின் மூங்கிலை நீளவாக்கில் பிளந்து, முக்கோணச் சிம்புகளாகச் சீவி, ஆறு சிம்புகளை ஒன்றாக ஒட்டியே இக்கோல்களைச் செய்தார்கள். வேலை ஒன்றுதான் என்றாலும் விலை செய்தவரைப் பொறுத்து மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடுகிறது. நியூயார்க்கின் எவரெட் கேரிசன் தம் வாழ்நாளில் ஏறத்தாழ 700 கோல்கள் மட்டுமே செய்தார். அவை இன்று பல ஆயிரம் டாலருக்குப் போகின்றன. பெய்ன், லெனர்ட், டெட்ராய்ட்டின் பால் யங் ஆகிய பெயர்களுக்கும் அத்தகைய மதிப்பு உண்டு. ஹாரக்ஸ்-இபட்சனோ தொழிற்சாலையில் பெருமளவில் செய்து மலிவாக விற்ற சரக்கு. ஒன்பது அடி நீளமும் சந்தையில் குவிந்து கிடக்கும் அளவு. அதற்கு நூறு டாலர் கிடைத்தாலே மகிழ்ச்சியடையுங்கள். ஜப்பானியப் பெட்டி, போருக்குப் பின் அங்கிருந்த அமெரிக்கப் படைவீரர்கள் நினைவுப் பொருளாக வாங்கி வந்த வகை. பார்ப்பதற்குப் பகட்டாக இருக்கும், வாங்குவோர் குறைவு. உங்கள் கவனத்திற்கு உரியது ஆர்விஸ்தான். எட்டு அடியும் அதற்குக் குறைவானதும் சிற்றோடைகளில் வீசுவதற்கு ஏற்றவை என்பதால் இன்றும் அவற்றை வாங்கிப் பயன்படுத்துகிறார்கள். நல்ல நிலையில் இருந்தால் சில நூறு டாலரை எதிர்பார்க்கலாம்.

நல்ல நிலையில் உள்ளதா என்று பார்ப்பதை அளவு நாடாவைக் கொண்டு தொடங்குங்கள். இரண்டு நுனித்துண்டுகளும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும்; கோலைப் பூட்டி அளந்தால் அதன்மீது எழுதியுள்ள நீளம் வர வேண்டும். முனை ஒடிந்தபின், தூண்டில் கயிறு ஓடும் நுனி வளையத்தைக் கீழே இறக்கி ஒட்டிவிட்டு அதைச் சொல்லாமல் விற்பது இத்தொழிலின் பழைய தந்திரம், இரண்டு அங்குலம் குறைந்தாலும் விலை வெகுவாக இறங்கிவிடும். பின்னர் துண்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, ஒரு பக்கமாக வளைந்து படிந்திருக்கிறதா என்று பாருங்கள். துண்டுகளை இணைக்கும் உலோகக் குழல் இறுகிப்போயிருந்தால் குறடு வைத்துத் திருகாதீர்கள். சிம்புகளின் ஒட்டு விட்டுவிடும். துணி உறையும் அலுமினியக் குழாயும் இருந்தால் அவற்றையும் சேர்த்தே விற்க வேண்டும். அவை விலையின் ஒரு பகுதி.

இணையத்தில் விலை பார்க்கும்போது, விற்பவர் கேட்கும் தொகையை விட்டுவிட்டு, ஈபேயில் உண்மையில் விற்று முடிந்த தொகைகளை மட்டும் பாருங்கள். ஆர்விஸை மூங்கில் கோல்களுக்கென்றே உள்ள வணிகரிடம் தரகு அடிப்படையில் ஒப்படைக்கலாம். தரகு எவ்வளவு, விற்காவிட்டால் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மற்ற இரண்டும் தரகுக்குக் கட்டுப்படியாகா, நீங்களே குறைகளைச் சொல்லி விற்றுவிடலாம்.

கேள்வி: குன்னூரில் எங்கள் வீட்டுப் பரணில், தாத்தா வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்தின் வெள்ளைக்காரத் துரை விட்டுச்சென்ற ஹார்டி மூங்கில் கோல் இருக்கிறது. மதிப்புள்ளதா?

பதில்: இங்கிலாந்தின் ஆனிக் நகர ஹார்டி நிறுவனத்தின் கோல், ட்ரௌட் மீன் விடப்பட்ட நீலகிரியில் கிடைப்பதில் வியப்பில்லை. கைப்பிடிக்கு மேலே உள்ள எழுத்தையும் வரிசை எண்ணையும் படமெடுங்கள். எண்ணைக் கொண்டு காலத்தைக் கணிக்கலாம். ஆனால் அக்காலப் பசை பெரும்பாலும் விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சிய பசை. மலை ஈரத்தில் அது நெகிழ்ந்து சிம்புகள் பிரிந்திருந்தால், பெயரை மட்டும் வைத்து விலை கேட்க இயலாது. வெளிநாட்டில் விற்க எண்ணினால் இன்னொன்றையும் கவனியுங்கள்: நூறாண்டு கடந்த கைவினைப் பொருள்கள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்திற்குள் வரக்கூடும் என்பதால், அஞ்சலில் அனுப்புமுன் இந்தியத் தொல்லியல் துறையிடம் விசாரித்துவிடுங்கள்.