பட்டுக்கு ஆகாத சோடா கைக்கு ஆகுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 34. மூன்று மாதங்களாக உள்ளங்கையும் விரல்களும் வறண்டு, வெடித்து எரிகின்றன. நான்கு வயது மகனுக்கு முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்பக்கமும் ஓயாத அரிப்பு. கடையில் வாங்கும் சலவைத் தூளின் ரசாயனம்தான் காரணம் என்று நினைத்து அதை நிறுத்திவிட்டேன். வீடியோவில் பார்த்தபடி பார் சோப்பைத் துருவி, சலவை சோடாவும் வெங்காரமும் (போராக்ஸ்) கலந்து நானே தூள் செய்கிறேன். செலவு குறைந்தது, ஆனால் கை முன்பைவிட மோசமாகிவிட்டது. பூந்திக்கொட்டைக்கு மாறலாமா? எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான். வாஷிங் மெஷின் இல்லை.
- வாசகி, அருப்புக்கோட்டை

பதில்: உங்கள் கல்யாணப் பட்டுப் புடவையைச் சோடா கரைத்த தண்ணீரில் ஊறவைப்பீர்களா? மாட்டீர்கள். உங்கள் பாட்டி காலத்தில் பட்டுக்கென்றே பூந்திக்கொட்டையை ஊறவைத்து, அந்தத் தண்ணீரில்தான் அலசி எடுத்தார்கள். பட்டு இழை புரதத்தால் ஆனது. சோடா போன்ற காரப் பொருள் பட்டால் பளபளப்புப் போய் நைந்துவிடும். நம் தோலின் மேலடுக்கும் பெரும்பகுதி புரதம்தான். பட்டுக்கு நாம் காட்டும் அந்த அக்கறையை உங்கள் கைக்கும் காட்டச் சொல்கிறேன்.

நல்ல தோலின் மேற்பரப்பு லேசான புளிப்புத் தன்மை கொண்டது. புளிப்பையும் காரத்தையும் அளக்கும் பிஎச் அளவில் சுமார் 4.5 முதல் 5.5 வரை இருக்கும். சலவை சோடா கரைத்த தண்ணீர் 11-ஐ ஒட்டி நிற்கும். இந்த அளவில் ஒரு எண் கூடினால் காரம் பத்து மடங்கு கூடுகிறது என்று பொருள். அந்த வாளியில் அரை மணி நேரம் கை நனைந்தால் தோலின் எண்ணெய்ப்பசை கரைந்துபோகும். பிறகு வெறும் தண்ணீர்கூட எரியும். கடைத் தூளை விட்டுவிட்டு அதைவிடக் காரமான ஒன்றுக்கு மாறியிருக்கிறீர்கள். கை மோசமானதற்கு இதுவே முதல் காரணம் என்று நினைக்கிறேன்.

‘இயற்கையானது’ என்ற சொல் உங்களைப் போன்ற எத்தனையோ தாய்மார்களை ஏமாற்றுவதைப் பார்த்து வருத்தப்படுகிறேன். அந்தக் காலத்தில் வெள்ளாவி வைக்கப் பயன்பட்ட உவர்மண்ணில் இருந்ததும் இதே சோடாதான். விறகுச் சாம்பலும் காரம்தான். சலவைத் தொழிலாளர்கள் துணியில் அழியாத அடையாளமிட சேங்கொட்டையின் சாற்றைப் பயன்படுத்தினார்கள். அதைவிட இயற்கையான மை இருக்க முடியாது. ஆனால் அந்தக் குறி உடம்பில் படும் இடத்தில், கழுத்திலும் இடுப்பிலும், கொப்புளம் வெடிக்கும் ஒவ்வாமையைத் தோல் மருத்துவ நூல்கள் தனி நோயாகவே பதிவு செய்திருக்கின்றன. மறுபக்கம், கடைச் சலவைத் தூளால் உண்மையான ஒவ்வாமை வருவது நாம் நினைப்பதைவிட அரிது. 2002-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 738 பேரைச் சோதித்தார்கள். நூறில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கே அது இருந்தது. கையைக் கெடுப்பது பெரும்பாலும் ஒவ்வாமை அல்ல, காரமும் ஓயாத ஈரமும் உரசலும்தான்.

அடுத்தது உங்கள் போர் தண்ணீர். அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம் இருந்தால், சோப்பு அதனுடன் சேர்ந்து நுரைக்காமல் பிசுபிசுப்பான கசடாகத் திரண்டு நூலிழைகளில் ஒட்டிக்கொள்ளும். துணி விறைப்பாகிறது, வெள்ளை பழுப்பாகிறது என்றால் அந்தக் கசடு தங்கியிருக்கிறது. உங்கள் மகனின் மடிப்புகளில் வியர்வையோடு சேர்ந்து உரசுவதும் அதுவாக இருக்கலாம்.

வெங்காரத்தை இன்றே நிறுத்திவிடுங்கள். அது போரான் உப்பு. அளவுக்கு மீறி உடலுக்குள் போனால் இனப்பெருக்கத்தைப் பாதிக்கும் பொருள் என்று ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கிறது. வெடித்த தோல் வழியே அது உள்ளே போவது எளிது. நான்கு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில், சர்க்கரை போல வெள்ளையாக இருக்கும் அதை எந்த டப்பாவிலும் வைக்க வேண்டாம். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பும் வயது அது.

பூந்திக்கொட்டைக்கு மாறலாம், நல்ல யோசனை. அதன் தோலில் உள்ள சப்போனின்தான் நுரை தருகிறது. கரைசல் லேசான புளிப்புத் தன்மையுடன் இருப்பதால் தோலுக்குப் பகையில்லை. விதை நீக்கிய பதினைந்து கொட்டைகளை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறியதும் பிசைந்து வடிகட்டுங்கள். ஒரு வாளிக்கு ஒரு டம்ளர் போதும். இரண்டு மூன்று நாளில் புளித்து நாறும் என்பதால் அவ்வப்போது செய்துகொள்ளுங்கள். கண்ணில் தெறித்தால் கடுமையாக எரிச்சல் எடுக்கும். உடனே ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, எரிச்சல் தொடர்ந்தால் கண் மருத்துவரிடம் போங்கள்.

ஆனால் அது எல்லா அழுக்கையும் எடுத்துவிடாது. புழுதி, வியர்வை, பட்டு, கம்பளி, மகனின் பருத்திச் சட்டை ஆகியவற்றுக்குப் போதும். சட்டைக் காலர், எண்ணெய்க் கறை, அடுப்படித் துணிக்கு வலுப் போதாது. வெள்ளைத் துணியில் மஞ்சள் ஏறும். அவற்றுக்கு வாசனை சேர்க்காத கடைத் தூளையே முன்பு போட்ட அளவில் பாதி போட்டு, அலசுவதை மட்டும் ஒரு தடவை கூட்டுங்கள். பெரும்பாலோர் தேவைக்கு அதிகமாகவே தூள் கொட்டுகிறார்கள். அதைக் குறைப்பதைவிட மலிவான மாற்று வேறில்லை.

கறைக்கு எலுமிச்சை தேய்க்கும் பழக்கம் இருந்தால் ஓர் எச்சரிக்கை. அந்தச் சாறு கையில் இருக்க, மொட்டை மாடி வெயிலில் துணி காயப்போட்டால், சாறு பட்ட இடம் தீப்பட்டது போலச் சிவந்து, பல வாரங்கள் கருத்தே இருக்கும். பிளீச்சிங் பவுடரோடு வினிகரோ எலுமிச்சையோ கழிவறை ஆசிடோ ஒருபோதும் சேரக்கூடாது. குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.

இனி உங்கள் கை. துவைக்கும்போது மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள், சோப்பு தங்கும் இடம் அதுதான். மெல்லிய பருத்திக் கையுறைமேல் ரப்பர் கையுறை போடுங்கள். இருபது நிமிடத்துக்கு மேல் அதற்குள் கை வேர்க்க விடாதீர்கள். துவைத்து முடித்ததும் துடைத்து, ஈரம் முழுவதும் காய்வதற்கு முன்பே வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவுங்கள், இரவிலும் ஒரு முறை. மருந்துக் கடையில் ‘அரிப்புக்கு ஒரு க்ரீம்’ என்று கேட்டு வாங்க வேண்டாம். அதில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும்.

மகனுக்கு இருப்பது குழந்தைகளுக்கு வரும் கரப்பான் போலத் தெரிகிறது. அது பிறவியிலேயே தோலின் காப்பு பலவீனமாக இருப்பதால் வருவது. துணி சோப்பு அதைத் தூண்டலாம், ஆனால் அது மூலக் காரணம் அல்ல. உங்களால் வந்ததோ என்று மனதை வருத்திக்கொள்ளாதீர்கள். இரவில் அரிப்பு கூடி, வீட்டில் மற்றவர்களுக்கும் தொடங்கினால் அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் சொறியாக (ஸ்கேபிஸ்) இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு, தாமதிக்காமல் காட்டுங்கள்.

நான்கு வாரத்தில் கை தேறவில்லை என்றால் அரசு மருத்துவக் கல்லூரியின் தோல் பிரிவுக்குப் போய் ஒவ்வாமைக்கான பேட்ச் டெஸ்ட் பற்றிக் கேளுங்கள். சந்தேகத்துக்குரிய பொருள்களைச் சிறு ஒட்டுகளில் வைத்து முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்தும், அதன்பின் ஓரிரு நாளில் இன்னொரு முறையும் பார்ப்பார்கள். போகும்போது நீங்கள் பயன்படுத்திய சோப்பு, தூள், பாத்திரம் துலக்கும் பார் எல்லாவற்றின் உறைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.