நாவலை மூடிய பிறகும் அவன் போகவில்லை

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 36. திருமணமானவள், வேலைக்கும் போகிறேன். சமீபத்தில் ஒரு நாவல் படித்தேன். பெயர் வேண்டாமே. புகழின் உச்சியில் இருக்கும் ஒரு பாடகனும், அவன் பாட்டையே கேட்டிராத ஒரு பெண்ணும் காதலிக்கும் கதை. தூக்கத்தை விட்டுப் படித்தேன். முடித்ததும் அழுகை வந்துவிட்டது. இத்தனைக்கும் முடிவு சுபம்தான். ஆனாலும் யாரோ வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டது போல வெறுமை. ஆபீசில் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு, இந்நேரம் அவர்கள் இருவரும் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று யோசிக்கிறேன். வேறு புத்தகம் எடுத்தால் மனம் ஒட்டவில்லை.

திரும்பத் திரும்பப் புரட்டுவது ஒரே இடத்தைத்தான். பெரிய கச்சேரி முடிந்து கூட்டம் அவனைச் சூழ்ந்து நிற்கும். அவன் விலக்கிக்கொண்டு வந்து அவளிடம், காலையில் சொன்ன பல்வலி இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்பான்.

என் கணவர் நல்லவர், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இப்போதெல்லாம் அவர் பேசாமல் டிவி பார்த்தால் காரணமில்லாமல் எரிச்சல் வருகிறது. இந்த வயதில் இதென்ன கிறுக்கு? ஏதாவது மனநலச் சிக்கலா?

— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

அன்புள்ள தோழிக்கு,

கிறுக்கு இல்லை. கவனம், உணர்ச்சி, மனக்காட்சி மூன்றும் ஒருசேரக் கதைக்குள் போய்விடுகிற நிலையை அளப்பதற்கு மெலனி கிரீன், திமோத்தி பிராக் என்ற உளவியலாளர்கள் 2000-இல் ஒரு கேள்விப் பட்டியலையே வெளியிட்டார்கள். சிலர் இப்படி எளிதில் மூழ்கிவிடுவார்கள், சிலர் கரையிலேயே நிற்பார்கள். அது சுபாவம், நோய் அல்ல.

உங்கள் நாவலில் கூடுதலாக ஒன்று நடந்திருக்கிறது. பிரபலங்களோடு ரசிகர்கள் ஒருதலையாக வளர்த்துக்கொள்ளும் நெருக்கத்தைப் பற்றி டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற ஆய்வாளர்கள் 1956-லேயே எழுதினார்கள். நிஜத்தில் அந்தப் பிரபலத்துக்கு நம்மைத் தெரியாது. நாவலோ உங்களை அந்தப் பெண்ணின் இடத்தில் உட்கார வைத்துவிடுகிறது. ஊரே யாரைப் பார்க்கத் துடிக்கிறதோ, அவன் உங்களைத் தேடி வருகிறான். புகழ் பற்றிய காதல் கதைகளின் பலமே இதுதான் என்று நினைக்கிறேன். பாடகனுக்குப் பதில் அவனை ஒரு குமாஸ்தாவாக எழுதியிருந்தால் அந்தப் பல்வலி விசாரிப்பை நீங்கள் கவனித்தே இருக்கமாட்டீர்கள்.

ஆனால் நீங்கள் மனப்பாடம் செய்திருப்பது கைதட்டலை அல்ல, முத்தத்தையும் அல்ல. காலையில் போகிறபோக்கில் சொன்னதை மாலைவரை ஒருவன் நினைவில் வைத்திருந்ததை. டிவி எரிச்சலுக்குக் காரணமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். காரணத்தை அதற்கு முந்தைய பத்தியிலேயே எழுதிவிட்டீர்கள்.

அதற்காகக் கணவரை உடனே கூண்டில் ஏற்றவும் வேண்டாம். அந்தப் பாடகனின் மனதுக்குள் ஓடியதையெல்லாம் ஆசிரியர் உங்களுக்குப் பக்கம் பக்கமாகக் காட்டியிருப்பார். அவன் மௌனத்துக்குக்கூட உங்களிடம் விளக்கம் இருக்கிறது. கணவரின் மௌனத்துக்கு அப்படி யாரும் விளக்கம் எழுதித் தருவதில்லை. கேட்டால்தான் தெரியும். எனவே ஒப்பிட்டுக் குறை சொல்லாமல், அந்தக் காட்சியை அவருக்குச் சொல்லுங்கள். ஏன் பிடித்தது என்பதையும் சேர்த்து. “நீங்கள் என்னிடம் எதுவும் கேட்பதே இல்லை” என்று தொடங்கினால் அது சண்டையில் போய் நிற்கும். “இப்படி யாராவது கேட்டால் எனக்கு எவ்வளவு பிடிக்கும் தெரியுமா” என்று சொன்னால் அவருக்கும் பதில் சொல்ல இடம் இருக்கும். அவர் எதிர்பார்த்துக் கிடைக்காமல் போனது எதுவும் உண்டா என்றும் கேளுங்கள்.

கவலைப்பட வேண்டிய கட்டம் வேறு. பகற்கனவு மணிக்கணக்கில் நீண்டு வேலையும் தூக்கமும் கெடுவது, நிறுத்த நினைத்தும் முடியாமல் போவது, மனிதர்களோடு பழகுவதைவிடக் கற்பனையே போதும் என்றாகிவிடுவது. இத்தகைய கட்டுமீறிய பகற்கனவை எலி சோமர் என்ற உளவியலாளர் 2002-இல் தனியாக விவரித்தார். உங்கள் கடிதத்தில் அந்த அடையாளங்கள் தெரியவில்லை. நாளாக ஆக வெறுமை குறையாமல் கூடினால், எதிலும் நாட்டமில்லாமல் போனால், ஒரு மனநல ஆலோசகரை நேரில் பாருங்கள். அது இந்த நாவலுக்கு முன்பே தொடங்கிய சோர்வாகவும் இருக்கலாம்.

வேறு புத்தகம் ஒட்டவில்லை என்றால் கட்டாயப்படுத்திப் படிக்காதீர்கள். இதே சாயலில் இன்னொரு காதல் கதையை இப்போதைக்குத் தொடவே வேண்டாம், பாவம், ஒப்பீட்டில் அது தோற்றுவிடும். கட்டுரை, பயண நூல் என்று வேறு வகையாக எதையாவது கொஞ்சம் கொஞ்சமாகப் படியுங்கள். பல்வலிக் காட்சியை வேண்டுமானால் இன்னும் சில தடவை படித்துக்கொள்ளுங்கள், தவறில்லை.