கிறீஸுக்கு முதல் சுரண்டி

கேள்வி: ஐயா, சம்மாந்துறையில் ஒரு நெல் ஆலையின் பிரைம் மூவர் (ட்ரெயிலர் இழுக்கும் லொறி) ஓட்டுகிறேன். 40 அடி ட்ரெயிலரில் கொழும்புக்கு அரிசி ஏற்றுவோம். கொஞ்சக் காலமாக வளைவுகளில் ஸ்டியரிங் கனக்கிறது. முன் ரயர்கள் ஓரம் தேய்கின்றன. பிரேக் பிடித்தால் முதுகுப் பக்கம் 'டக்' என்று ஒரு இடி. கிறீஸ் இல்லாததுதான் காரணம் என்று முதலாளி சொன்னார். சேர்விஸ் போட்ட இடத்தில், ட்ரெயிலர் உட்காரும் பிப்த் வீல் தட்டு நிறையக் கிறீஸ் அப்பிவிட்டார்கள். சில நாள் சுகமாக ஓடியது, பிறகு பழையபடிதான். எந்தக் கிறீஸ் நல்லது? எத்தனை நாளுக்கு ஒருமுறை பூச வேண்டும்?

பதில்: தம்பி, நீங்கள் எழுதியிருப்பது இரண்டு வேறு கோளாறுகள். ஸ்டியரிங் கனப்பதும் ரயர் ஓரம் தேய்வதும் தட்டு காய்ந்துபோனதால் வரலாம். பிரேக்கில் வரும் இடி அப்படி வராது. அது கிங் பின்னுக்கும் (ட்ரெயிலரின் அடியில் இறங்கி நிற்கும் தடித்த இரும்பு முளை) அதைக் கவ்விப் பிடிக்கும் பூட்டுக்கும் நடுவில் இடைவெளி விழுந்துவிட்டது என்பதற்கு அடையாளம். அந்த இடைவெளியைக் கிறீஸால் நிரப்ப முடியாது. கிறீஸ் பூசியதும் சத்தம் கொஞ்சம் அமுங்கும், அவ்வளவுதான். தேய்மானம் உள்ளே நடந்துகொண்டே இருக்கும்.

முதலில் ஸ்டியரிங். ட்ரெயிலரின் முன்பாரம் முழுவதும், தொன் கணக்கில், அந்த ஒரு தட்டின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ட்ரெயிலரின் அடித்தட்டு அதன் மேல் வழுக்கித் திரும்ப வேண்டும். இரும்பும் இரும்பும் காய்ந்து பிடித்துக்கொண்டால் ட்ரெயிலர் திரும்ப மறுக்கும். மறுத்து, வாகனத்தை நேராகவே தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்குவது உங்கள் முன் ரயர்கள். அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவில் வரை நேர் வீதியில் இது பெரிதாகத் தெரியாது. வெல்லவாய தாண்டி பெரகலப் பக்கம் ஏறும்போது, அதுவும் மாரி மழையில் வீதி நனைந்திருக்கும்போது, முன் சில்லு வளைவில் பிடிக்காமல் வெளியே வழுக்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பூசிய கிறீஸ் ஏன் சில நாளில் பலனில்லாமல் போனது? பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே அப்பியதுதான் காரணம் என்று நினைக்கிறேன். எங்கள் பக்கத்து வீதிகளில் மணல் பறக்கிறது, கிரவல் தூசு பறக்கிறது. ஆலை முற்றத்தில் உமித் தூசு. இவ்வளவும் கிறீஸில் வந்து ஒட்டுகிறது. மணல் ஏறிய கிறீஸ், வால்வு தேய்க்கும் பசையைப் போல இரும்பை அரைக்கும். மேலே புதுக் கிறீஸ் பளபளவென்று இருக்கும், அடியில் அரைப்பு நடக்கும். ஆகவே கிறீஸ் வாளியைத் திறக்கமுன் சுரண்டியை எடுங்கள். எனக்குத் தெரிந்த கராஜ்களில் பாதிக்கு மேல் இந்த வேலையைச் செய்வதில்லை. கை அழுக்காகும், அரை நாள் போகும், அதற்கென்று தனிக் கூலியும் யாரும் கொடுப்பதில்லை. ஆனால் வேலை என்றால் இதுதான் வேலை. பூசுவது அதன் கடைசிப் பகுதி மட்டுமே.

செய்யும் முறையைச் சொல்கிறேன். கெட்டியான, சமமான தரையில் நிறுத்துங்கள். ட்ரெயிலர் சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். எங்கள் மணல் தரையில் ட்ரெயிலரின் கால்கள் புதையும், அதனால் காலுக்கடியில் தடித்த பலகை கட்டாயம். காற்றுக் குழாய்களையும் வயரையும் கழற்றி, பூட்டை விடுவித்து, வாகனத்தை முழுவதுமாக வெளியே எடுங்கள். கால்களை மட்டும் நம்பி நிற்கும் ட்ரெயிலருக்கு அடியில் யாரும் போகக் கூடாது. அடித்தட்டைத் துடைக்கவும் கிங் பின்னை அளக்கவும் போக வேண்டுமென்றால், முன்பக்கத்துக்குப் பாரம் தாங்கும் முட்டு வைத்த பிறகு போங்கள்.

தட்டிலுள்ள பழைய கிறீஸை முழுவதும் சுரண்டுங்கள். தட்டில் வெட்டியிருக்கும் பள்ளங்களுக்குள் கல்லுப்போல இறுகிக் கிடக்கும், அதையும் கம்பியால் கிண்டி எடுங்கள். டீசலும் முரட்டுப் பிரஷும் போதும், பெற்றோல் பக்கமே போக வேண்டாம். கழுவிய டீசலை நிலத்தில் விடாமல் ஒரு பாத்திரத்தில் பிடியுங்கள். சீலைத்துண்டால் ஈரம் போகத் துடைத்ததும் தட்டு பேச ஆரம்பிக்கும். வெடிப்பு இருக்கிறதா, ஆழமான கீறல் இருக்கிறதா, ஓரத்தில் பிசிறு எழும்பியிருக்கிறதா, எல்லாம் அப்போதுதான் தெரியும். பிசிறை அரத்தால் எடுக்கலாம். வெடிப்பென்றால் அந்தத் தட்டோடு வண்டியை வீதியில் ஏற்ற வேண்டாம்.

பூட்டுக்கு வருகிறேன். இங்கே அவசரப்படாதீர்கள். கிங் பின்னைக் கவ்வும் தாடைக்குள்ளும் அதன் பின்னாலும் இறுகிய கிறீஸும் மணலும் நிறைந்திருந்தால் பூட்டு முழுதாக மூடாது. முக்கால்வாசி மூடி, கைபிடி மட்டும் உள்ளே போனது மாதிரி நிற்கும். வாகனம் புறப்படும், சில மைல் ஓடவும் செய்யும். பிறகு ஒரு குழியிலோ ஒரு பிரேக்கிலோ ட்ரெயிலர் கழன்று விழலாம். காத்தான்குடிக் கடைத்தெருவிலோ கல்முனைச் சந்தைக்கு முன்னாலோ அப்படி நடந்தால் எத்தனை உயிர் போகும் என்று எண்ணிப் பாருங்கள். அதனால் பூட்டின் உள்பக்கத்தை டீசல் விட்டுக் கழுவி, சுழலும் இடங்களுக்கும் ஸ்பிரிங்குக்கும் கைபிடிக்கும் மெல்லிய ஒயில் சில துளி விடுங்கள். அந்த இடங்களில் கெட்டிக் கிறீஸ் வேண்டாம், அதுதான் மீண்டும் இறுகும். கிங் பின்னைத் தொடும் உள்முகத்தில் மட்டும் கிறீஸ் தடவுங்கள். பூட்டு சட்டென்று மூடுகிறதா என்று இரும்புக் கம்பியால் தள்ளிப் பாருங்கள். விரலை விட்டுப் பார்க்கவே கூடாது, அது விரலைத் துண்டாக்கும்.

இனி உங்கள் 'டக்' இடி. உங்கள் ட்ரெயிலருக்கு 2 அங்குலக் கிங் பின்தான் இருக்கும். சுத்தம் செய்த பின், பூட்டு கவ்வும் கழுத்தை வேர்னியரால் அளவெடுங்கள். புதிதில் 50.8 மில்லிமீற்றர். 49க்கு இறங்கிவிட்டால் மாற்றியாக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கலாம், எனவே சுற்றிவர நாலு இடத்தில் அளவெடுங்கள். கிங் பின் நல்லதென்றால் பூட்டைச் சரிசெய்யும் திருகு இருக்கிறதா என்று பார்த்து, அந்தத் தயாரிப்பின் கையேடு சொல்கிறபடி இறுக்கச் சொல்லுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் தாடையை மாற்ற வேண்டும். தேய்ந்த பின்னுக்கு வெல்டிங் ஏற்றிக் கடையும் வழக்கம் சில இடங்களில் உண்டு. தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள். சூட்டில் அந்த இரும்பின் பலம் போய்விடும்.

கிறீஸ் என்று கேட்டீர்கள். லிதியம் கிறீஸ், 2ஆம் இலக்கம், அதிக அழுத்தம் தாங்கும் வகை. மொலிப்டினம் அல்லது கிராபைட் கலந்த கறுப்புக் கிறீஸ் என்றால் இன்னும் நல்லது. பாரத்தில் கிறீஸ் பிதுங்கிப் போனாலும் அந்தத் தூள் இரும்பின் மேல் தங்கி நிற்கும். மழைத் தண்ணீரில் கழுவுப்படாத வகையா என்றும் கேட்டு வாங்குங்கள்.

தட்டு முழுவதும் மெல்லிய படலமாகப் பூசி, பள்ளங்களை நிரப்புங்கள். வாகனம் பின்னால் வந்து ட்ரெயிலருக்குள் நுழையும்போது அடித்தட்டு கிறீஸை முன்பக்கமாக வழித்துத் தள்ளும். ஆகவே தட்டின் பின்பாதியில் சற்றுத் தாராளமாகவும் முன்பாதியில் குறைவாகவும் இருக்கட்டும். கிறீஸ் அடிக்கும் நிப்பிள் உள்ள தட்டென்றால், கொழுவிய பின் ட்ரெயிலரின் கால்களை இறக்கிப் பாரத்தைச் சற்று எடுத்துவிட்டுக் கிறீஸ் கன்னால் அடியுங்கள். பாரம் அமுக்கிக்கொண்டிருந்தால் கிறீஸ் பரவ வழியில்லை. பிறகு கால்களை மறக்காமல் தூக்கிவிட்டு, வெற்றுத் தரையில் மெதுவாக இடமும் வலமும் திருப்பி ஓட்டினால் படலம் சமமாகும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதற்குத் தயாரிப்பாளரின் கையேடுதான் முதல் சொல். ஆனால் தூசும் உப்புக்காற்றும் மழையும் உள்ள எங்கள் கரையில் மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. மாசி பங்குனிப் பெரும்போக அறுவடையிலும், ஆவணி புரட்டாதிச் சிறுபோக அறுவடையிலும் ஆலைக்கும் கொழும்புக்குமாக ஓய்வில்லாமல் ஓடுவீர்கள். அந்தக் காலத்தில் ட்ரெயிலரைக் கழற்றும் ஒவ்வொரு தடவையும் தட்டைத் தொட்டுப் பாருங்கள். விரலில் மணல் நெருடினால் அன்றே சுரண்டுங்கள்.

கொழுவிய பிறகு ட்ரெயிலர் பிரேக்கைப் போட்டு, தாழ்ந்த கியரில் மெதுவாக முன்னுக்கு இழுத்துப் பாருங்கள். அதோடு விடாமல் இறங்கி, டோர்ச் அடித்துக் குனிந்து பாருங்கள். தட்டுக்கும் அடித்தட்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரியக் கூடாது. தாடை கிங் பின்னின் கழுத்தைச் சுற்றி முழுதாக மூடியிருக்க வேண்டும். கைபிடி முழுதாக உள்ளே போயிருக்க வேண்டும். முதலாளி அவசரப்படுத்தினாலும் இந்த இரண்டு நிமிடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள், தம்பி.

கேள்வி: எஞ்சினில் கழற்றிய பழைய ஒயிலைப் பிப்த் வீலுக்கு ஊற்றலாமா? எங்கள் பக்கம் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். (ஏறாவூர்)

பதில்: வேண்டாம். அதில் கரியும் இரும்புத் துகளும் இருக்கின்றன. தட்டில் நிற்காது, வழிந்து வீதியில் சொட்டும். மழை தூறும் நேரத்தில் அந்தச் சொட்டில் மோட்டார் சைக்கிள்காரர் விழுவார். கையில் படுவதும் தோலுக்குக் கெடுதல். பழைய ஒயிலைப் பீப்பாவில் சேர்த்து, வாங்குகிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: புதிதாக இறக்கிய பிரைம் மூவரின் தட்டில் கறுப்புப் பிளாஸ்ரிக் பட்டை ஒட்டியிருக்கிறது. அதன் மேலும் கிறீஸ் பூச வேண்டுமா? (களுவாஞ்சிக்குடி)

பதில்: பெரும்பாலும் தேவையில்லை. அந்தப் பட்டையே வழுக்கும் தன்மை உள்ளது, கிறீஸ் பூசினால் மணலைத்தான் கூப்பிடுவீர்கள். ஆனால் பூட்டுக்குக் கிறீஸ் வேண்டும், சுத்தமும் வேண்டும். பட்டை தேய்ந்து இரும்பு தட்டத் தொடங்கமுன் பட்டையை மாற்றிவிடுங்கள். கொழுவும் ட்ரெயிலரின் அடித்தட்டில் பழைய கிறீஸும் மணலும் இருந்தால் அதையும் துடைத்துவிட்டே கொழுவுங்கள்.

கேள்வி: உழவு இயந்திரப் பெட்டியின் கொழுவிக்கும் இதே கிறீஸ்தானா? (வெல்லாவெளி)

பதில்: வீட்டில் இருக்கிற சாதாரணக் கிறீஸே போதும், கொழுவியின் பின்னைத் துடைத்துவிட்டு மெல்லியதாகத் தடவுங்கள். படுவான்கரையில் பலர் பின்னுக்குப் பதிலாகக் கட்டடக் கம்பியை வெட்டிச் செருகியிருக்கிறார்கள். அதை எடுத்துவிட்டு, அளவான பின்னைப் போட்டு, அடியில் பூட்டுக் கிளிப்பும் மாட்டுங்கள். துளை நீண்டு தேய்ந்திருந்தால் அந்தக் கொழுவியையே மாற்றுங்கள்.